துணி சோப்பு எவ்வளவு தூரம் தாங்கும்?

இரும்பு அறுக்கும் ஹேக்சா பிளேடின் கனம் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர். பழைய பஜாஜ் சேத்தக்கின் ஸ்பார்க் பிளக்கில் இருக்கவேண்டிய இடைவெளியும் அதேதான். ஃபீலர் கேஜ் இல்லாத வீடுகளுக்கு இந்தப் பொருத்தம் பெரிய வரம். பிளக்கைக் கழற்றி, கரியை உப்புத்தாளால் தேய்த்து, உடைந்த பிளேடுத் துண்டை இடுக்கில் விட்டுப் பார்ப்போம். லேசாக உரசிக்கொண்டு போனால் சரி.

1972-இல் வந்த வண்டி அது. 145 சிசி, டூ ஸ்ட்ரோக். பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கியவர்கள், சின்னக் கோளாறுக்கெல்லாம் பட்டறையில் விட மனசு வராமல் தாங்களே ஸ்பேனரை எடுத்தார்கள். வலப்பக்க மூடியைக் கழற்றினால் என்ஜின் கைக்கெட்டும். வால்வு கிடையாது, டைமிங் செயின் கிடையாது. கிக்கர் உதைத்துக் கால் வலித்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதுவே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறியைத்தான் தேடவேண்டும். காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. நுனி வெளுத்திருந்தால் எனக்குப் பயம் வந்துவிடும். எங்கோ காற்று புகுந்து என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று அர்த்தம். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதானே வருகிறது? பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

அதனால்தான் கேஸ்கெட் விஷயத்தில் நான் கறார். கல்யாணப் பத்திரிகை அட்டையை விளிம்பின் மேல் வைத்து, ஸ்பேனரின் பின்பக்கத்தால் சுற்றிலும் தட்டினால் உலோக விளிம்பே அட்டையை வெட்டித் தரும். கிரீஸ் தடவி கார்புரேட்டருக்குப் போடலாம், ஓடும். அதையே சிலிண்டர் அடியில் போடுவது கூடாது. அட்டையின் கனத்துக்கு சிலிண்டர் உயர்ந்துவிடும். போர்ட் திறக்கும் நேரம் மாறும், கம்ப்ரஷன் குறையும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் மேடு ஏறாது. காரணம் தெரியாமல் கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருப்போம்.

ஜெட் அடைத்தால் கிளட்ச் ஒயரில் ஒரு இழையைப் பிரித்துக் குத்துகிறவர்கள் உண்டு. எங்கள் தெரு மெக்கானிக் அதைப் பார்த்தால் பதறுவார்: "பித்தளை சார் அது! ஓட்டை பெருத்துடும், அப்புறம் பெட்ரோலைக் குடிக்கும். வாய் வச்சு ஊதாதீங்க, சைக்கிள் பம்பால அடிங்க." 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு புது ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் கார்புரேட்டரே இல்லை. இந்தக் கைப்பழக்கம் நம் தலைமுறையோடு போய்விடுமே என்று உண்மையாகவே வருந்துகிறேன்.

பெட்ரோல் டேங்க்கில் பொட்டு ஓட்டை விழுந்தால் துணி சோப்பை அழுத்தித் தேய்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. மெழுகு பெட்ரோலில் கரைந்துவிடும், சோப்பு கரையாது. ஆனால் தண்ணீரில் கரையும். ஒரு மழைக்குத் தாங்காது. பட்டறை போய்ச் சேரும் வரைக்கும்தான் அது. அங்கே டேங்க்கை அலசி, ஓட்டை மேலே வருகிற மாதிரி வைத்து, முடிந்தவரை தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் பற்றவைப்பார்கள். காலி டேங்க்கில் தங்கியிருக்கும் ஆவி வெடிக்கும். வீட்டில் சால்டரிங் அயர்ன் இருக்கிறதே என்று தயவுசெய்து யாரும் டேங்க்கில் கைவைக்காதீர்கள்.