பாலுக்குத் தராசு உண்டு, பிள்ளைக்கு?

நாம் வெட்டுகிற பால் நாள் தவறாமல் நிறுக்கப்படுகிறது. அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சோதித்துக் கிராணிமார் கணக்கில் பதிகிறார்கள். பால் குறைந்தால் மறுநாளே கேள்வி பிறக்கிறது. ஆனால், தோட்டத்துப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளை சென்ற ஆண்டைவிட வளர்ந்ததா, எடை ஏறியதா என்று கேட்பவர் யார்?

இது வீண் கவலையன்று. மலேசிய சுகாதார அமைச்சின் 2022-ஆம் ஆண்டு ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100-க்கு 21 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். இவர்கள்தாம் பிறகு முதலாம் ஆண்டு வகுப்பில் வந்து அமர்கிறார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, ஏழு வயது நிறைந்த ஆண்பிள்ளையின் நடுத்தர உயரம் சுமார் 122 சென்டிமீட்டர். சுமார் 111-க்குக் கீழே இருந்தால் வளர்ச்சி குன்றியதாகக் கொள்ள வேண்டும். "அப்பன் குட்டை, மகனும் குட்டை" என்று தள்ளிவிடலாகாது. அந்த அப்பனும் அரை வயிற்றோடு வளர்ந்தவனாக இருக்கலாமல்லவா?

ஒருமுறை அளந்தால் பிள்ளையின் நிலை தெரியும். மீண்டும் மீண்டும் அளந்தால்தான் வளர்ச்சி தெரியும். இவ்வயதில் ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் உயரமும், இரண்டு மூன்று கிலோ எடையும் கூட வேண்டும். அரசாங்கத்தின் பள்ளிச் சுகாதாரக் குழு முதலாம் ஆண்டிலும் ஆறாம் ஆண்டிலும் பிள்ளைகளைப் பார்க்கிறது. நான்காம் ஆண்டு முதல் உடற்திறன் சோதனையும் உண்டு. இடைப்பட்ட இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளை விட்டுவிடலாமா? எடுத்த அளவும் தாயின் கைக்கு வராமல் கோப்பில் கிடந்தால் என்ன பயன்?

பிள்ளை மெலிந்தால் தாயைக் குறை கூறுவோர் உண்டு. விடியுமுன் பெரட்டுக்கு ஓடுகிறவள் எப்போது சமைப்பாள்? பிள்ளை டின்பால் கலந்த தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கோத்தும் தின்றுவிட்டுப் பள்ளிக்குப் போகிறது. டின்பாலில் சீனிதான் மிகுதி. அது முட்டைக்கும் மீனுக்கும் ஈடாகாது. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆயிற்று. அதில் குடும்பமே சாப்பிட வேண்டும். ஆகவே இது சமையலறைக் குற்றமன்று, கூலிப் பிரச்சினை.

நாம் கோருவது இவைதாம்: எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் ஆண்டுக்கு இருமுறை நிறுத்து, அளந்து, தமிழில் எழுதிய அட்டையைப் பெற்றோரிடம் கொடுக்க வேண்டும். வளர்ச்சி தடைப்பட்ட பிள்ளையை உடனே சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, பூச்சித் தொல்லையும் இரத்தக் குறைவும் உண்டா என்று பார்க்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் எதிரில் அந்த அளவைச் சொல்லிக் கேலிக்கு இடம் தரலாகாது. 1979 முதல் பள்ளிகளில் நடந்துவரும் கூடுதல் உணவுத் திட்டத்தில் தகுதியுள்ள ஒரு பிள்ளையும் விடுபடக் கூடாது. அதில் சேர்வது பிச்சையன்று, உரிமை.

தோழர்களே! பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை எழுப்புங்கள். சம்பளப் பேச்சுவார்த்தையில் விலைவாசிக் கணக்கை வைக்கிற நாம், பெயர்களை விலக்கி, நம் பிள்ளைகளின் எடைக் கணக்கையும் முதலாளிமார் முன் வைப்போம். அதற்கு அவர்கள் பதில் சொல்லட்டும்.