பிள்ளைகளுக்கு விடுமுறை, அம்மாவுக்கு?



ஒரு சித்திரை விடுமுறையில் கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமமொன்றுக்கு மாதர் சங்கக் கூட்டத்திற்காகச் சென்றிருந்தேன். கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிப் போன பிறகு ஓர் இளந்தாய் மட்டும் வாசலில் தயங்கி நின்றார். இடுப்பில் இரண்டு வயது மகள். சட்டையைப் பிடித்தபடி நான்கு வயது மகன்.

"மிஸ், நேற்று இவனுக்கு அகப்பைக் காம்பால அடிச்சுப்போட்டன். பெரிய பிழை ஒண்டும் செய்யேல்ல. தண்ணிக் குடத்தைத் தட்டி ஊத்திப்போட்டான், அவ்வளவுதான். அடிச்சாப் பிறகு நானும் அவனோட இருந்து அழுதன்."

அடித்தது பிழை என்பதை நான் அவருக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் நின்ற நிலையிலேயே அது தெரிந்தது. நான் கேட்டது ஒன்றுதான்: "அப்ப நேரம் என்ன இருக்கும்?"

"ரெண்டு, ரெண்டரை இருக்கும்."

பிறகு மெல்ல மெல்ல மற்றவை வந்தன. தகரக் கூரை வீடு. கணவர் கொழும்பில் மேசன் வேலை. காலை 4 மணிக்கு எழும்பித் தண்ணீர் அள்ள வேண்டும். இரவில் புழுக்கத்தால் பிள்ளைகளும் உறங்குவதில்லை, தாயும் உறங்குவதில்லை. முன்பள்ளி நடக்கும் நாட்களில் மகன் காலையில் மூன்று, நான்கு மணித்தியாலம் வெளியே இருப்பான். விடுமுறையில் அதுவும் இல்லை.

அதன் பிறகு வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வியை நான் கேட்பதுண்டு. பிள்ளைக்குக் கை நீட்டியதாகச் சொல்லும் தாய்மாரில் பலர் சொல்லும் நேரம் மதியச் சாப்பாட்டுக்கும் பின்னேரத் தேநீருக்கும் இடைப்பட்டதுதான். அந்த நேரத்தில் பிள்ளையின் குழப்படி கூடுவது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் பிள்ளையின் குணமல்ல. அவனுக்கும் வெக்கை, அவனுக்கும் நித்திரை. தாய்க்கோ அவற்றோடு தனிமையும் சேர்ந்துகொள்கிறது.

எங்கள் நாட்டில் விடுமுறையும் வெயிலும் சேர்ந்தே வருகின்றன. ஏப்ரல் 5ஆம் திகதி அளவில் சூரியன் இலங்கையின் தென்முனைக்கு நேர் உச்சியில் நிற்கும். அங்கிருந்து வடக்கே நகர்ந்து புதுவருட நாட்களில் யாழ்ப்பாணத்துக்கு மேலே வரும். ஓகஸ்ட் கடைசியில் திரும்பவும் எங்கள் தலைக்கு மேலால்தான் தெற்கே போகும். பாடசாலைகளும் வழமையாக ஏப்ரலிலும் ஓகஸ்டிலும்தான் மூடுகின்றன. ஆகவே, பாடசாலை நாளின் நேரசூசியை விடுமுறைக்கும் வைத்துக்கொண்டு வீட்டை நடத்த முடியாது. வெயிலைப் பார்த்து நாளைப் பிரிக்க வேண்டும்.

நாளை மாற்றி அடுக்குங்கள்

அடுப்பு வேலையைக் காலை 9 மணிக்குள் முடித்துவிடப் பாருங்கள். சோறும் ஒரு கறியும் போதும். இன்னொரு கறிக்காக 12 மணிக்கு அடுப்படியில் நின்று வேகுவதை விட, அந்த நேரத்தில் பிள்ளையோடு நிழலில் இருப்பது மேல். ஆனால் காலையில் சமைத்ததை வெக்கையில் இரவுவரை வைத்திருக்க வேண்டாம். கோடையில் சாப்பாடு விரைவில் பழுதாகும், வயிற்றோட்டம் வரும்.

ஓடி ஆடும் விளையாட்டெல்லாம் காலை 9 மணிக்கு முன்னரும் பின்னேரம் 4 மணிக்குப் பிறகும் இருக்கட்டும். இடைப்பட்ட நேரத்தில் வேப்பமர நிழல், விறாந்தை, ஈரத்துணியால் துடைத்த சீமெந்துத் தரை. கொக்கான் வெட்டலாம், ஓலையில் காற்றாடி செய்யலாம், குரும்பட்டியில் தேர் கட்டலாம். சின்னவர்களுக்கு ஒரு பேணியும் கொஞ்சம் மணலும் தந்தால் அரை மணித்தியாலம் சத்தமிருக்காது. மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு குளிப்பு, பிறகு படுக்கை. நித்திரை வராவிட்டாலும் பாயில் படுத்திருந்து கதை கேட்கலாம்.

தகரத்தின் மேல் கிடுகு போட வசதியிருந்தால் போடுங்கள். வெயில் நேரே தகரத்தில் படாது. உள்ளே இருக்கும் வித்தியாசம் ஒரே நாளில் தெரியும்.

தாகம் சொல்லத் தெரியாதவர்கள்

சிறுபிள்ளையின் உடல் எங்களுடையதை விட விரைவில் சூடேறும். விளையாட்டு மும்முரத்தில் தாகத்தையும் மறந்துவிடும். கேட்கும்வரை காத்திராமல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கொதித்தாறிய தண்ணீர், மோர், இளநீர், தேசிக்காய்த் தண்ணீர் எல்லாம் நல்லவை. வெள்ளரிப்பழமும் வத்தகப்பழமும் கிடைக்கும் காலத்தில் கலர் சோடாவுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் அம்மம்மாமார் கோபித்தாலும் சொல்லியே ஆக வேண்டும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு எவ்வளவு வெக்கையென்றாலும் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலிலேயே தேவையான தண்ணீர் இருக்கிறது, அடிக்கடி பால் கொடுத்தால் போதும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டியவர் பால் கொடுக்கும் தாய்.

சிறுநீர் கடும் மஞ்சளாக, குறைவாகப் போகிறதா? அழும்போது கண்ணீர் வரவில்லையா? வாயும் நாக்கும் காய்ந்திருக்கின்றனவா? உடம்பில் தண்ணீர் குறைகிறது என்று அர்த்தம். வயிற்றோட்டமோ வாந்தியோ இருந்தால் ஜீவனியைப் பைக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். தண்ணீரைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கண்கள் குழிவிழுந்தாலோ, குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். உடம்பு நெருப்பாகக் கொதித்துப் பிள்ளை மயங்கினால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் காசில்லை. அது வரும்வரை நிழலில் கிடத்தி, உடுப்பைக் களைந்து, உடம்பெல்லாம் ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். மயங்கிய பிள்ளைக்கு வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

கிணறு

களைத்துப்போன தாய் கண்ணயரும் நேரத்தில் பிள்ளை கண் விழித்துவிடும். வெக்கைக்குத் தண்ணீரைத் தேடி அது போகும். எங்கள் ஊர்களில் கட்டில்லாத தோட்டக் கிணறுகள் எத்தனை! கட்டிருந்தாலும் பக்கத்தில் கவிழ்த்து வைத்த வாளி பிள்ளைக்கு ஏணியாகிவிடும். கட்டு உங்கள் நெஞ்சளவு உயரமாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டும்வரை கம்பி வலையாலோ பலகையாலோ மூடி வையுங்கள். பிள்ளை ஏறி நிற்கக்கூடிய எதையும் அருகில் விடாதீர்கள். குளியலறை வாளித் தண்ணீரும் தவழும் குழந்தைக்கு ஆபத்தானதே. வேலை முடிந்தால் கவிழ்த்து விடுங்கள்.

கைத்தொலைபேசி என்ற ஆயா

மதியத்தில் பிள்ளையை அமர்த்தக் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிடுவதாகப் பலர் சொல்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. வேறு ஆளில்லாத வீட்டில் அதுதான் ஆயா. ஆனாலும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரையானவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது. அந்த ஒரு மணித்தியாலத்தை உங்களுக்கு மிகக் கடினமான நேரத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள். காலையிலேயே கொடுத்து முடித்துவிட்டால் மதியத்துக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

ஒரு தாயால் மட்டும் முடியுமா?

பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விடுத்தது. வீட்டுக்குள் சுற்றறிக்கை வராது. அங்கே கோபத்தைத் தடுக்கக்கூடியது தாய்க்குக் கிடைக்கும் ஓய்வுதான். அந்த ஓய்வை யார் தருவது?

முன்பெல்லாம் ஒரே வளவில் அம்மம்மா, சித்தி, மாமி என்று நாலு பேர் இருந்தார்கள். பிள்ளை ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போய்க்கொண்டிருக்கும். யுத்தமும் இடப்பெயர்வும் வெளிநாட்டுப் பயணமும் அந்த வளவுகளைக் கலைத்துவிட்டன. வேலை மட்டும் குறையவில்லை. நாலு பேர் செய்ததை ஒருத்தி செய்கிறாள், சம்பளமுமில்லை, லீவுமில்லை. இதைப் பெண்ணின் பொறுமைக்குரிய பரீட்சையாகப் பார்ப்பது அநியாயம்.

ஆகவே, வளவு கலைந்தாலும் வேலிக்கு அப்பாலுள்ளவர்களோடு சேர்ந்து முறை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு வீட்டுத் தாய்மார் சேர்ந்தால் போதும். எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு மரநிழல் அல்லது விறாந்தை, இரண்டு தாய்மார் காவல், மற்றவர்களுக்கு இரண்டு மணித்தியால ஓய்வு. அடுத்த நாள் முறை மாறும். பிள்ளையை யாரிடம் விடுகிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். நன்கு தெரிந்தவரென்றாலும் தனியாக ஒருவரிடம் அறைக்குள் விட வேண்டாம். பிள்ளைக்கு யாராலும் தீங்கு நேர்வதாக ஐயம் வந்தால் 1929 இலக்கத்துக்கு அறிவிக்கலாம். வீட்டில் கணவர் நிற்கும் நாட்களில் அவருக்கும் ஒரு முறை உண்டு. அதை உதவி என்று சொல்லாதீர்கள். அவருடைய பிள்ளையும்தான்.

கோபம் தலைக்கேறும் அந்த நிமிடத்தில் கையிலுள்ளதைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளை பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்து, முகத்தைக் கழுவி ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். அடித்துவிட்டீர்களென்றால், "அம்மா பிழை விட்டிட்டன்" என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். அதனால் தாயின் மதிப்பு குறையாது.

ஆவணியில் அந்த ஊருக்குத் திரும்பவும் போனேன். மாமரத்தின் கீழ் ஆறு பிள்ளைகள் குரும்பட்டித் தேர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுத் தாய்மார் இருவர் பாயில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இளந்தாயை அங்கே காணவில்லை.

"அவ படுக்கிறா மிஸ். இண்டைக்கு அவவின்ர முறையில்லை," என்றார் ஒருவர்.

நான் எழுப்பவில்லை. இந்த மாதம் நீங்களும் ஒரு பக்கத்து வீட்டுப் படலையைத் தட்டிப் பாருங்கள்.