சிதம்பர ரகசியமும் கைப்பேசிப் புராணமும்

சிதம்பரத்தில் திரையை விலக்கி, உள்ளே ஒன்றுமில்லாததைக் காட்டி, இதுதான் ரகசியம் என்று சொல்லி வருகின்றார்கள். அதைப் பார்க்க ஆசைப்பட்டவன் ரயிலேறி வந்து, கால் கடுக்க நின்று, தட்டில் காசு போட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. இப்போது அந்தச் சிரமமும் இல்லை. ரகசியமே நம் சட்டைப் பைக்குள் வந்து மணியடித்து எழுப்புகின்றது. அதற்கு வாட்சப் என்று பெயர்.

சில நாட்களுக்கு முன் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். பட்டம் பெற்ற நண்பர் ஒருவர் தமது கைப்பேசியை நம் முகத்துக்கு நேரே நீட்டி, "அய்யா, இதற்கு என்ன பதில் சொல்லுகின்றீர்கள்?" என்று வெற்றிச் சிரிப்புடன் கேட்டார். அதில் கண்டிருந்த சங்கதியின் சுருக்கமாவது: மேல்நாட்டு விஞ்ஞானிகள் 8 வருஷம் ஆராய்ந்து, உலகக் காந்த நடுக்கோட்டின் மையப்புள்ளி நடராசரின் கால் பெருவிரலில் இருப்பதாகக் கண்டுபிடித்து விட்டார்களாம். சிதம்பரம், காஞ்சி, காளத்தி மூன்று கோயில்களும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவாம். பொற்கூரையின் ஓடுகள் 21,600 என்பது மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் கணக்காம். இதையெல்லாம் திருமூலர் 5,000 வருஷங்களுக்கு முன்பே சொல்லிவிட்டாராம். உடனே எல்லோருக்கும் அனுப்ப வேண்டுமாம்.

நாம் கேட்டது ஒரே கேள்விதான். "அந்த விஞ்ஞானியின் பெயர் என்ன? எந்த ஊர்?" நண்பர் கைப்பேசியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பெயருமில்லை, ஊருமில்லை. பேரூர் இல்லாத மொட்டைக் கடிதாசு வந்தால் நம்முடைய அண்டை வீட்டுக்காரனைப் பற்றிக்கூட நாம் நம்புவதில்லை. உலகத்தின் காந்தத்தைப் பற்றி மட்டும் ஏன் நம்பவேண்டும்?

நிற்க. விஷயத்தைச் சிறிது ஆராய்வோம். காந்த நடுக்கோடு என்பது என்ன? மேலும் கீழும் தாராளமாய் ஆடும்படி ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டால், எந்தெந்த இடத்தில் அது எந்தப் பக்கமும் சாயாமல் மட்டமாக நிற்கின்றதோ, அந்த இடங்களையெல்லாம் சேர்த்து உலகத்தைச் சுற்றி வரைந்த கோடு அது. சுற்றி வருகின்ற கோட்டுக்கு மையப்புள்ளி ஏது? கையிலுள்ள வளையலுக்கு ஆரம்பம் எது, நடு எது என்று எந்தப் பெண்மணியாவது சொல்ல முடியுமா? அன்றியும் அந்தக் கோடு ஓரிடத்தில் நிலையாக நிற்பதும் இல்லை. பூமியின் வயிற்றிலுள்ள உருகிய இரும்பு அசைவதால் கோடும் வருஷத்துக்கு வருஷம் நகருகின்றது. பெருவிரலும் கூடவே நகருகின்றதா?

நம் நாட்டில் அக்கோடு செல்வது தெற்கே, திருநெல்வேலிச் சீமைப் பக்கம். இதை நாம் சொல்லவில்லை, சர்க்காரே காரியத்தில் காட்டியிருக்கின்றது. காந்த நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள இடம் என்பதற்காகவே திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் கிராமத்தைத் தேர்ந்தெடுத்து, 1963-ஆம் வருஷம் நவம்பர் 21-ந் தேதி முதல் ராக்கெட்டை அங்கிருந்து விட்டார்கள். அதற்காக அங்கிருந்த மாதா கோயிலையும் நிலத்தையும் மீனவ மக்கள் விட்டுக்கொடுத்தார்கள். தும்பாவுக்கும் சிதம்பரத்துக்கும் இடையே 400 கிலோமீட்டருக்கு மேல் இருக்கின்றது. பெருவிரலைத் தேடி எந்த விஞ்ஞானியும் தில்லைக்கு வரவில்லை.

சந்தேகமிருந்தால் அதே சிதம்பரத்தில் 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. பௌதிகம் படிக்கும் மாணவன் ஒருவன் காந்தச் சாய்வு பார்க்கும் கருவியை மேஜைமேல் வைத்துப் பார்க்கட்டும். ஊசியின் வடக்கு முனை கீழ்நோக்கிச் சாயக் காண்பான். 8 வருஷம் வேண்டாம், 8 நிமிஷம் போதும்.

இனி நேர்கோட்டுச் சங்கதி. சிதம்பரம், காஞ்சி ஏகாம்பரநாதர், காளத்தி மூன்றும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருப்பது உண்மைதான். உண்மையை ஒப்புக்கொள்ள நமக்கு வெட்கமில்லை. ஆனால் பஞ்சபூதத் தலம் அய்ந்தல்லவா? திருவானைக்கா அந்தக் கோட்டுக்கு மேற்கே 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கின்றது. திருவண்ணாமலையோ 60 கிலோமீட்டருக்கு மேல் விலகி நிற்கின்றது. நீரும் நெருப்பும் கோட்டுக்கு வெளியே போனதேன்? பொருந்தியதை மட்டும் எண்ணிப் பொருந்தாததை மறைப்பது சோசியக்காரனின் கணக்கு.

மூச்சுக் கணக்கும் அப்படித்தான். நிமிஷத்துக்கு 15 மூச்சு என்று வைத்து, 60-ஆலும் 24-ஆலும் பெருக்கினால் 21,600 வரும். ஆனால் சும்மா இருக்கும்போதே ஒருவன் 12 மூச்சும் விடுவான், ஒருவன் 20 மூச்சும் விடுவான். கைக்குழந்தை அதற்கும் மேல். மூட்டை தூக்குகின்றவனுக்கு எத்தனை? அது போகட்டும். பழைய யோக நூல்காரர்கள் எழுதி வைத்த எண்ணை அறிந்தவன் அந்த எண்ணுக்கு ஓடு போட்டான் என்றே வைத்துக்கொள்வோம். எண்ணிப் போட்டால் எண்ணிக்கை சரியாய்த்தானே இருக்கும்? அதிலே தெய்வீகம் எங்கே வந்தது? அது கொல்லன் தச்சனுடைய கெட்டிக்காரத்தனம். கூலிக்கு உழைத்த அந்த மனிதனைப் பற்றி கைப்பேசிப் புராணம் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

ஜெனீவாவில் அணு ஆராய்ச்சிக் கூடத்தில் நடராசர் சிலை இருப்பதால் விஞ்ஞானிகளே கும்பிட்டுவிட்டார்கள் என்று மற்றொரு வீடியோ. 2004-ஆம் வருஷம் இந்திய சர்க்கார் அன்பளிப்பாகக் கொடுத்தது, அவர்கள் வாங்கி வைத்தார்கள். விருந்தாளி கொடுத்த பொம்மையை அலமாரியில் வைப்பவன் அதற்குப் பூசை செய்கின்றான் என்று அர்த்தமா?

தோழர்களே! இதனால் யாருக்கு இலாபம் என்பதே முக்கியமான கேள்வி. இந்தப் புரட்டை வீடியோவாக்கி யூடியூபில் போடுகின்றவனுக்கு, அதன் நடுவே வரும் விளம்பரக் காசில் பங்கு கிடைக்கின்றது. எத்தனை கண்கள், எத்தனை நிமிஷம் அதில் நிற்கின்றனவோ அத்தனைக்குப் பணம். இதையே டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று பெயர் வைத்துக் கற்றுக்கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். முன்காலத்துப் பௌராணிகன் தட்சணை வாங்க நம் தெருவுக்கு வரவேண்டும். இக்காலத்தவனுக்கு நாமே ரீசார்ஜ் செய்து, நாமே கேட்டு, நாமே ஊரெல்லாம் தண்டோராவும் போடுகின்றோம். தண்டோரா போட்ட வெட்டியானுக்காவது கூலி இருந்தது. நமக்கு அதுவும் இல்லை!

வெறும் பெருமைதானே, இதனால் என்ன கெடுதி என்று சிலர் கேட்கலாம். பொய்யை விசாரிக்காமல் அனுப்பப் பழகிய விரல், எந்தப் பொய்யையும் அனுப்பும். 2015 வெள்ளத்தின்போது அமெரிக்க நாசா எச்சரித்ததாக ஒரு கட்டுக்கதை பரவி, ஏற்கெனவே தண்ணீரில் தவித்த ஜனங்களை மேலும் நடுங்க வைத்தது. 2018 மே மாதம் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கின்றார்கள் என்ற வாட்சப் வதந்தியை நம்பி, திருவண்ணாமலை ஜில்லாவில் குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஒரு மூதாட்டியை ஜனங்கள் அடித்தே கொன்றார்கள். அந்த அம்மாளும் பக்தைதான். அவளை எந்தத் தெய்வம் காப்பாற்றிற்று? அதே வருஷம் ஜூலையில் வாட்சப் கம்பெனியார் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் 5 இடங்களுக்கு மேல் அனுப்பமுடியாதபடி கட்டுப்பாடு போட்டார்கள். விரலுக்குக் கட்டுப் போட்டார்களே தவிர, புத்திக்கு மருந்து போட யாராலும் ஆகவில்லை. அதை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

மற்றொரு சூழ்ச்சியையும் கவனியுங்கள். பெருவிரலின் காந்தத்தைப் பேசும் இந்தச் செய்தி, அதே கோயிலில் நடந்ததைப் பேசுகின்றதா? 2008 மார்ச்சு 2-ந் தேதி, ஆறுமுகசாமி என்ற முதிய ஓதுவார் திருச்சிற்றம்பல மேடையேறித் தமிழில் தேவாரம் பாட, சர்க்கார் உத்தரவும் போலீசுக் காவலும் வேண்டியிருந்தது. தமிழன் பெருமையைக் கைப்பேசியில் அளப்பவர்கள், தமிழன் பாட்டு மேடையேறப் பட்ட பாட்டை மட்டும் மறைப்பதேன்? மூட்டைப் பெருமையை முன்னே வைத்தால் இழிவு பின்னே மறைந்து போகும் என்பதுதான்.

கடைசியாக, நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மிலும் சிலர் பெரியார் சொல்லாத வாசகங்களைப் பெரியார் படத்தோடு அனுப்பி வருகின்றார்கள். எந்தத் தேதியில், எங்கே சொன்னார் என்று கேட்டால் விழிக்கின்றார்கள். வைதீகன் சொன்னால் புரட்டு, நாம் சொன்னால் பிரசாரமா? பொய்யினால் வளரவேண்டிய அவசியம் பகுத்தறிவுக்கு இல்லை.

ஆகவே கையில் எந்தச் செய்தி வந்தாலும், சொன்னவன் யார், எப்போது சொன்னான், நாமே சோதித்துப் பார்க்க வழியுண்டா, இதனால் யார் பணப்பை நிரம்புகின்றது என்ற நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பதில் வரும்வரை அச்செய்தி உங்கள் கைப்பேசியை விட்டு வெளியே போகவேண்டாம். யார் எது சொன்னாலும், நாம் சொல்லுவது உட்பட, உங்கள் அறிவில் போட்டுப் புடைத்துப் பார்த்து, சரியென்று பட்டால் மட்டுமே ஒப்புக்கொள்ள வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகின்றோம்.