அந்த வேன் இரவில் எங்கே நிற்கும்?

தீபாவளிக்கு ஊருக்குப் போக வேண்டும், தாத்தா பாட்டியையும் ஏற்றிக்கொள்ள வேண்டும், பழைய காரில் இனி இடம் போதாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தப் பேச்சு எழாத குடும்பம் குறைவு. ஏழு பேர் உட்காரும் வண்டி என்றால் முன்பு பெட்ரோல் வண்டிகளுக்குள்தான் போட்டி. இப்போது புதிதாக ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: பெட்ரோலா, மின்சாரமா?

வீட்டில் அறிவியல் படிக்கும் பிள்ளை என்பதால் உங்களிடமும் கேட்பார்கள். "மின்சாரம்தான் நல்லது, புகையே இல்லை" என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். "அதெல்லாம் பணக்காரர்களுக்கு" என்றும் ஒதுக்கிவிடாதீர்கள். பதிலுக்கு நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்த வேன் இரவில் எங்கே நிற்கும்?" பாதி விடை அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

இரண்டு வண்டிகள்

ஒப்பிடுவதற்கு நம் சாலைகளில் ஓடும் இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று பெரோடுவா அல்சா. இப்போதைய மாதிரி 2022-இல் வந்தது. 1.5 லிட்டர் பெட்ரோல் இயந்திரம், 43 லிட்டர் டாங்கி. அறிமுகமானபோது அதன் உயர்ந்த ரகத்தின் விலை 75,500 ரிங்கிட். மற்றொன்று பி.ஒய்.டி. எம்6. 2024-இல் மலேசியாவுக்கு வந்த மின்சார வண்டி. அதன் தொடக்க ரகத்தில் 55.4 கிலோவாட் மணி, அதாவது 55.4 யூனிட், கொள்ளும் பேட்டரி உள்ளது. அறிமுக விலை 109,800 ரிங்கிட். இரண்டிலும் ஏழு பேர் உட்காரலாம். எம்6 சற்று நீளமானது.

விலை மாறக்கூடியது. முழுமையாக இறக்குமதியாகும் மின்சார வண்டிகளுக்கான வரிவிலக்கு 2025 டிசம்பர் 31-இல் முடிந்தது. ஆகவே வாங்கும் நாளில் உள்ள விலையைக் கேட்டுக் கீழே உள்ள கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

டாங்கியும் பேட்டரியும்

ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் வெளிப்படும். அப்படியானால் அல்சாவின் 43 லிட்டர் டாங்கியில் 387 யூனிட் ஆற்றல் இருக்கிறது. எம்6 பேட்டரியில் இருப்பதைவிட அது ஏழு மடங்கு.

ஆனால் தூரம் ஏழு மடங்கு இல்லை. குடும்பத்தோடும் குளிர்சாதனத்தோடும் ஓடும்போது அல்சா லிட்டருக்கு 15 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டால், முழு டாங்கியில் 645 கிலோமீட்டர் ஓடும். எம்6 நூறு கிலோமீட்டருக்கு 18 யூனிட் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், அதன் தூரம் சுமார் 310 கிலோமீட்டர். விளம்பரத்தில் 420 என்று இருக்கும். அது மெதுவான ஓட்டத்தை வைத்து ஆய்வுக்கூடத்தில் அளந்தது.

ஒரு யூனிட் ஆற்றலில் அல்சா 1.7 கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. எம்6 ஐந்தரைக்கும் மேல் ஓடுகிறது. பெட்ரோல் இயந்திரம் ஒரு வெப்ப இயந்திரம். எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாக வெளியேறிவிடுகிறது. மின்மோட்டாரில் வீணாவது மிகக் குறைவு. அதோடு, பிரேக் பிடிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, இயக்க ஆற்றலில் ஒரு பகுதியைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்புகிறது.

அதனால்தான் மாலை ஆறு மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் நத்தை வேகத்தில் நகரும்போது மின்சார வண்டி சிக்கனமாக இருக்கிறது. நின்றிருக்கும் நேரத்தில் குளிர்சாதனத்துக்கு மட்டும்தான் அதற்கு மின்சாரம் செலவாகும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நிலைமை வேறு. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 110-க்குப் போனால் அந்த எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. அங்கே திருப்பிச் சேமிக்கப் பிரேக்கும் அதிகம் இல்லை. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குச் சுமார் 350 கிலோமீட்டர். வழியில் ஒரு முறையாவது நிறுத்திச் சார்ஜ் செய்தாக வேண்டும். பண்டிகைக் காலத்தில் ஓய்விடத்தில் வரிசையும் இருக்கும்.

பணக் கணக்கு

ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடும் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம்.

அல்சாவுக்கு 1,333 லிட்டர் தேவை. புடி95 திட்டத்தில் 2025 செப்டம்பர் 30 முதல் மலேசியர்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டருக்கு 1.99 ரிங்கிட் என்று அறிவிக்கப்பட்டது. அப்போது அறிவிக்கப்பட்ட வரம்பு மாதம் 300 லிட்டர். நம் கணக்குக்கு அது தாராளம். ஆண்டுச் செலவு 2,653 ரிங்கிட்.

எம்6 வண்டிக்கு 3,600 யூனிட் தேவை. 2025 ஜூலையில் வந்த புதிய கட்டணப்படி, மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு ஒரு யூனிட் 44.43 சென். வீட்டிலேயே சார்ஜ் செய்தால் ஆண்டுக்கு 1,600 ரிங்கிட். பயன்பாடு கூடும்போது சில சலுகைகள் குறைவதால் பில் இன்னும் கொஞ்சம் ஏறலாம்.

வீட்டில் சார்ஜ் செய்ய வழியில்லை, பொது இடத்து விரைவு நிலையங்களையே நம்ப வேண்டும் என்றால்? அங்கே ஒரு யூனிட் ஒரு ரிங்கிட்டுக்கும் மேல். 1.40 ரிங்கிட் என்று வைத்தால் ஆண்டுக்கு 5,040 ரிங்கிட் ஆகிறது. பெட்ரோலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு!

ஒரே வண்டி, ஒரே மின்சாரம். தரைவீட்டில் இருப்பவருக்கு 1,600, அடுக்குமாடியில் இருப்பவருக்கு 5,040. வேன் இரவில் எங்கே நிற்கும் என்று கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

தரைவீட்டுக்காரருக்கும் கணக்கு முடியவில்லை. அவருக்கு ஆண்டுக்கு மிச்சம் 1,053 ரிங்கிட், அதாவது மாதம் 88 ரிங்கிட். வண்டிகளின் விலை வித்தியாசமோ 34,300 ரிங்கிட். ஒன்பது ஆண்டுக் கடனில் வட்டியே இல்லை என்றாலும் மாதம் 318 ரிங்கிட் கூடுதலாகக் கட்ட வேண்டும். எண்ணெய் மாற்றுவது போன்ற பராமரிப்பில் ஆண்டுக்குச் சில நூறு மிச்சமாகும் என்று சேர்த்துக்கொண்டாலும் கை கடிக்கிறது. மானியம் இல்லாத பெட்ரோல் விலையை, புடி95 தொடங்கியபோது இருந்த 2.60 ரிங்கிட்டை, வைத்துக் கணக்கிட்டாலும் மிச்சம் மாதம் 156 ரிங்கிட்தான்.

ஆகவே "மின்சார வண்டி வாங்கினால் பணம் மிச்சம்" என்று யாராவது சொன்னால், எந்த வண்டியோடு ஒப்பிடுகிறீர்கள், எங்கே சார்ஜ் செய்வீர்கள் என்று கேளுங்கள். அல்சாவுக்குப் பதிலாக இன்னும் விலை கூடிய பெட்ரோல் வேனை எடுத்தால் விடை மாறும். ஆண்டுக்கு 50,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றாலும் மாறும்.

புகை எங்கே போகிறது?

"பணம் இருக்கட்டும், சுற்றுச்சூழல்?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். அல்சா நூறு கிலோமீட்டருக்கு 6.7 லிட்டர் எரித்தால் 15.3 கிலோ. எம்6 வண்டிக்குப் புகைக்குழாயே இல்லை. ஆனால் அதன் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் வருகிறது. கிள்ளானில் இருப்பவர்களுக்குத் தூரத்து உதாரணம் தேவையில்லை. காப்பார் மின்நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. நம் தீபகற்பத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.75 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 18 யூனிட்டுக்கு 13.5 கிலோ.

15.3-உம் 13.5-உம். நூறு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோகூட வித்தியாசம் இல்லை. பேட்டரியைத் தயாரிக்கும்போதும் பெட்ரோலைச் சுத்திகரிக்கும்போதும் வெளியாவதை இதில் சேர்க்கவில்லை.

ஏன் இப்படி? நிலக்கரி மின்நிலையமும் ஒரு வெப்ப இயந்திரம்தான். நிலக்கரியின் ஆற்றலில் ஏறத்தாழ 35 முதல் 40 விழுக்காடுதான் மின்சாரமாகிறது. வெப்பம் வீணாவது நிற்கவில்லை. அது நடக்கும் இடம் வண்டியிலிருந்து மின்நிலையத்துக்கு மாறியிருக்கிறது.

இந்த இடமாற்றமும் சிறிய விஷயமல்ல. பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையில் நடக்கும் குழந்தையின் மூக்குக்குப் பக்கத்தில் புகைக்குழாய் இல்லாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் புகையில் ஒரு பங்கைக் காப்பார் வாங்கிக்கொள்கிறது. கோலாலம்பூர்க்காரர் "என் வண்டி சுத்தம்" என்று சொல்லும்போது கிள்ளான்காரர் சிரித்தால், அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது.

அப்படியானால் மின்சார வண்டி ஏமாற்று வேலையா? இல்லை. இன்று வாங்கும் பெட்ரோல் வண்டி பத்து ஆண்டு கழித்தும் லிட்டருக்கு அதே 2.3 கிலோவைத்தான் வெளியிடும். மின்சார வண்டி அப்படியல்ல. மின்நிலையங்கள் சுத்தமாகும்போதெல்லாம் அதுவும் கூடவே சுத்தமாகும். பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில் மின்சாரம் எடுக்கும் சிங்கப்பூரில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.4 கிலோதான். இதே வேன் அங்கே ஓடினால் நூறு கிலோமீட்டருக்கு 7.2 கிலோ, அதாவது அல்சாவில் பாதிக்கும் குறைவு. 2044-க்குள் நிலக்கரி மின்நிலையங்களை நிறுத்துவதாக நம் அரசாங்கம் அறிவித்திருக்கிறது. அந்தப் பாதையில் எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மின்சார வேனின் நன்மை கூடும்.

பிளக் ஒரு உரிமையா?

வீட்டு மூன்று முனை பிளக் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட், 10 ஆம்பியர். பெருக்கினால் 2.3 கிலோவாட். நம் கணக்குக் குடும்பம் ஒரு நாளைக்குச் சராசரியாக 55 கிலோமீட்டர் ஓடுகிறது. அதற்குத் தேவை 10 யூனிட். ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தூங்கி எழுவதற்குள் வண்டி தயார். பிரம்மாண்டமான விரைவு நிலையம் தேவையில்லை. வண்டி நிற்கும் இடத்தில் முறையாகப் போடப்பட்ட ஒரு பிளக் போதும்.

அந்த ஒரு பிளக்தான் பெரும்பாலான அடுக்குமாடிகளில் இல்லை. ஐந்தாம் மாடியிலிருந்து நீட்டிப்புக் கம்பி இறக்கலாம் என்று யாராவது யோசித்தால் தடுத்துவிடுங்கள். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்று படித்திருக்கிறீர்கள். மெல்லிய நீண்ட கம்பியில் பல மணி நேரம் 10 ஆம்பியர் ஓடுவது தீ விபத்துக்கு அழைப்பு.

2025-க்குள் 10,000 பொது மின்னூட்ட முனைகள் என்பது நாட்டின் இலக்கு. அது எட்டப்படவில்லை. அந்த எண்ணிக்கையைவிட, அடுக்குமாடிகளின் வாகன நிறுத்துமிடங்களில் எத்தனை பிளக் என்ற எண்ணிக்கையே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பேரங்காடிகளில் வைப்பதால் பயன்பெறுவது பெரும்பாலும் வீட்டிலும் பிளக் உள்ளவர்கள்தான். மலிவான சார்ஜ் தரைவீடு உள்ளவர்களுக்கு, விலையுயர்ந்த சார்ஜ் அடுக்குமாடிக்காரர்களுக்கு என்று இருக்கும்வரை, "எல்லாரும் மின்சாரத்துக்கு மாறுங்கள்" என்று சொல்வதில் நியாயம் குறைவு. வேன் தேவைப்படும் பெரிய குடும்பங்கள் அடுக்குமாடிகளிலும் இருக்கின்றன.

ஆகவே என் முடிவு இது. அடுக்குமாடியில் குடியிருந்து, பிளக் இல்லாமல் இருக்கும் குடும்பம் பெட்ரோல் வேனையே வாங்கட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நம் மின்சாரம் இன்று இருக்கும் நிலையில் பூமிக்கும் பெரிய துரோகமில்லை. தரைவீடு உள்ளவர்கள், நகரத்துக்குள் நிறைய ஓடுபவர்கள், கூடுதல் தவணையைத் தாங்கக்கூடியவர்கள் மின்சார வேனைத் தாராளமாகப் பார்க்கலாம். கூரையில் சூரியத் தகடு இருந்தால் இன்னும் நல்லது. யாராக இருந்தாலும், கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குத் தனியாகப் போகும் நாளில் வேனை வீட்டில் விட்டுவிடலாம். 1995 முதல் ஓடும் கம்யூட்டர் ரயிலும் மின்சார வண்டிதான்.

உங்களுக்கு ஒரு வேலை. இந்த வாரம் அப்பாவிடமோ அம்மாவிடமோ மூன்று எண்களைக் கேட்டு வாங்குங்கள்: வண்டி ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, வீட்டு மின்சார பில் மாதம் எத்தனை யூனிட், வண்டி நிற்கும் இடத்துக்கும் மிக அருகிலுள்ள பிளக்குக்கும் எத்தனை மீட்டர். மேலே போட்ட கணக்கை உங்கள் எண்களை வைத்துப் போடுங்கள். நீங்கள் அடுக்குமாடியில் இருந்தால் மூன்றாவது எண்ணை நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். இன்று உங்கள் குடும்பம் பெட்ரோல் வேன் வாங்கினாலும், அதற்கு அடுத்த வண்டியை ஓட்டப்போகிறவர் நீங்கள். அதற்குள் அங்கே ஒரு பிளக் வந்திருக்க வேண்டும்.