மார்மன் பிரசாரகர்கள் மதம் மாற்றுவது யாரை?

பிரேசிலிலோ, பிலிப்பைன் தீவுகளிலோ, ஐரோப்பாவிலோ உள்ள பட்டணங்களின் தெருக்களில் இரண்டு வாலிபர்கள் ஜோடியாய் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவதைக் காணலாம். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, மார்பில் கறுப்புப் பெயர்ச் சீட்டு. மீசை இப்பொழுதுதான் அரும்பியிருக்கும். ஆனால் சீட்டிலோ "எல்டர்", அதாவது மூப்பர் என்ற பட்டம் எழுதியிருக்கும்! 18 வயதுப் பையனை மூப்பர் என்று கூப்பிடுவதில் மதக்காரர்களுக்குக் கூச்சமேதும் இல்லை போலும்.

இவர்கள் அமெரிக்காவில் யூட்டா மாகாணத்து சால்ட் லேக் பட்டணத்தைத் தலைமை ஸ்தலமாய்க் கொண்ட மார்மன் சபையின் பிரசாரகர்கள். அந்தச் சபை 1830-ல் ஜோசப் ஸ்மித் என்பவரால் நியூயார்க் மாகாணத்தில் ஆரம்பிக்கப்பட்டது. ஒரு தேவதூதன் பொன் தகடுகளைக் காட்டிக் கொடுத்தானென்றும், அதிலிருந்ததை ஸ்மித் மொழிபெயர்த்தாரென்றும், அதுவே மார்மன் புஸ்தகமென்றும் சொல்லுகிறார்கள். தகடு எங்கே என்றால், தேவதூதன் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்பது பதில். புராணம் கேட்டுப் பழகிய நமது மக்களுக்கு இது ஒன்றும் அதிசயமாய்த் தோன்றாது. ஆகையால் அந்தக் கதையை விட்டுவிட்டு, இந்தப் பிள்ளைகளின் சங்கதிக்கு வருவோம்.

இவர்களைப் பற்றி மெச்சிப் பேசுகிற தோழர்கள் உண்டு. "சம்பளம் இல்லை, தன் கைப்பணத்தைப் போட்டு, தாய் தகப்பனைப் பிரிந்து, பாஷை தெரியாத தேசத்தில் இரண்டு வருஷம் உழைக்கிறான், இதைவிடத் தியாகம் என்ன?" என்று கேட்கிறார்கள். உழைப்பை நாம் மறுக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே காணிக்கை வாங்கித் தின்கிற குருக்கள் கூட்டத்தைவிட, வெயிலில் நடந்து கதவு தட்டுகிற பையன் ஆயிரம் மடங்கு மேல் என்று சொல்லவும் நாம் தயார். ஆனால் அந்த உழைப்பினால் யாருக்கு என்ன லாபம், அதை வாங்குகிறவன் யார் என்று கேட்பது தப்பாகாது.

முதலில் பணத்தைப் பார்ப்போம். அமெரிக்கா முதலிய பணக்கார நாட்டுப் பிள்ளைகள் மாதம் 400 டாலர் கட்டி வந்தார்கள். 2020-ல் அது 500 டாலராக உயர்த்தப்பட்டது. ஆண் பிள்ளைக்கு 24 மாதம், பெண் பிள்ளைக்கு 18 மாதம். ஆகவே ஒரு பையனுக்கு 12 ஆயிரம் டாலர். பையன் சிறு வயது முதல் கூலி வேலை செய்து சேர்த்தது, இல்லாவிட்டால் குடும்பத்தார் வாயைக் கட்டி மிச்சம் பிடித்தது. ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்குப் பொது நிதியிலிருந்து உதவி உண்டு என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். சரி, சபை ஏழையா? 2023 பிப்ரவரியில் அமெரிக்க சர்க்காரின் பங்கு வர்த்தகக் கமிஷன் இந்தச் சபையின் மீதும் அதன் முதலீட்டு ஸ்தாபனத்தின் மீதும் குற்றம் சாட்டிற்று. வேறு வேறு பெயர் வைத்த கம்பெனிகளின் பேரால் கணக்குக் காட்டிச் சொத்தை மறைத்தார்கள் என்பது குற்றம். இருவருமாக 50 லட்சம் டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தார்கள். அப்படி மறைந்திருந்த முதலீடு 2018-ல் சுமார் 3,200 கோடி டாலர்! இவ்வளவு பெரிய தொகை என்று வெளியே தெரிந்தால் பாதகமாகும் என்ற கவலைதான் மறைப்புக்குக் காரணம் என்று கமிஷனே எழுதியிருக்கிறது. 3,200 கோடி வைத்திருக்கிறவன் ஊழியம் செய்யும் பையனிடம் மாதம் 500 கேட்பானேன்? பணம் வேண்டியல்ல. தன் பணத்தைப் போட்டவன் அந்தக் காரியத்தைப் பொய் என்று சொல்ல மனம் வராது. இந்தச் சூட்சுமம் சீட்டுக் கம்பெனிக்காரனுக்கும் தெரியும்.

இனி, பையனின் நாளைப் பார்ப்போம். எந்தத் தேசத்திற்குப் போவது என்று அவன் கேட்கவும் முடியாது, மறுக்கவும் கூடாது. சால்ட் லேக்கிலிருந்து உத்தரவு வரும். பெரூ என்றால் பெரூ, ஜப்பான் என்றால் ஜப்பான். யூட்டாவில் புரோவோ என்ற ஊரிலும் வேறு சில இடங்களிலும் பயிற்சிச் சாலைகள் இருக்கின்றன. அங்கே சில வாரம் பாஷை சொல்லிக் கொடுத்துக் கப்பல் சரக்கைப் போல் அனுப்பிவிடுவார்கள். நெடுங்காலம் இருந்துவந்த அட்டவணைப்படி, காலை 6.30-க்கு எழ வேண்டும். தேகப் பயிற்சி, தனியாய் வேதபாடம், பிறகு துணைவனோடு வேதபாடம். 10 மணிக்கு வீதியில் இறங்கினால் இரவு 9 மணிக்குத்தான் திரும்பலாம். 10.30-க்கு விளக்கணைக்க வேண்டும். துணி துவைக்கவும் கடிதம் எழுதவும் வாரத்தில் ஒரு நாள். 2017-ல் இதைக் கொஞ்சம் தளர்த்தி, அந்தந்த ஊருக்குத் தக்கபடி நேரம் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். ஆனாலும் கதவைத் தட்டுகிறவனுக்குக் கிடைப்பது அதேதான்: பத்துக் கதவில் ஒன்பது திறக்காது, திறந்தாலும் படீரென்று மூடும். தெரு நாய், மழை, பனி, புது ஊர்த் தண்ணீரினால் வயிற்று வலி. பிரியமாய் ஒரு வீட்டில் தேநீரோ காப்பியோ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லி அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டும். மார்மனுக்கு இரண்டும் விலக்கு.

இவையெல்லாம் உடம்புக் கஷ்டங்கள். வாலிப வயதில் அதைத் தாங்கிக்கொள்ளலாம். நாம் முக்கியமாய்ச் சொல்ல வந்தது வேறு. இந்தப் பிள்ளை ஒரு நிமிஷமும் தனியாய் இருக்கக் கூடாது. குளிக்கும் நேரம் போன்றது தவிர மற்ற நேரமெல்லாம் துணைவன் கண்ணில் படவும் காதில் கேட்கவும் இருக்க வேண்டும். அந்தத் துணைவனைப் பொறுக்குவதும் இவன் இஷ்டமல்ல. மனதுக்குப் பிடிக்காதவன் வந்து வாய்த்தாலும், மேலிருந்து மாற்றும் வரையில் சகித்துக் கொள்ள வேண்டியதுதான். எத்தனை பேரைப் பார்த்தாய், எத்தனை பாடம் சொன்னாய், எத்தனை பேர் முழுக்குக்குச் சம்மதித்தார்கள் என்று வாரா வாரம் கணக்கு மேலே போக வேண்டும். சினிமா இல்லை, நாவல் இல்லை, நீச்சலும் கூடாது, பெண்களோடு சினேகம் கூடவே கூடாது. படிப்பதற்குச் சபை ஒப்புக்கொண்ட புஸ்தகங்கள் மட்டும். 2019 பிப்ரவரி வரையில் தாயோடு டெலிபோனில் பேசுவது வருஷத்திற்கு இரண்டே தடவை: கிறிஸ்துமஸ் ஒன்று, தாயார் தினம் ஒன்று. அதன் பிறகுதான் வாரம் ஒரு முறை பேசலாம் என்று பெரிய மனது பண்ணி உத்தரவு போட்டார்கள். இரண்டு வருஷத்தில் தாயின் குரலை நாலு தடவை கேட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனை தலைமுறையோ!

இதைக் காவல் என்பதா, ஊழியம் என்பதா? 18, 19, 20 இந்த மூன்று வயதும் எப்பேர்ப்பட்ட வயது? "அப்பா சொன்னது மெய்தானா, பாதிரி சொன்னது மெய்தானா" என்று மனிதனுக்கு முதல் முதல் சந்தேகம் தோன்றுகிற வயது. வீட்டை விட்டு வெளியேறி, மாற்று அபிப்பிராயக்காரனோடு உட்கார்ந்து பேசி, கண்ட புஸ்தகத்தையும் படித்து அறிவு திறக்கிற வயது. சரியாய் அந்த வயதில்தான், தனிமையில்லாமல், வேறு புஸ்தகமில்லாமல், தினம் பத்துத் தடவை "இது சத்தியம் என்று எனக்குத் தெரியும்" என்று அந்நியரிடம் வாய்விட்டுச் சொல்ல வைக்கிறார்கள். ஆயிரம் தடவை பிறருக்குச் சொன்னதைத் தன் மனம் நம்பாமலிருக்குமா? 2012-ல் ஆண்களின் வயதை 19-லிருந்து 18-ஆகக் குறைத்தார்கள். கலாசாலையில் ஒரு வருஷம் படித்துவிட்டுப் போவதற்குப் பதிலாய், பள்ளிக்கூடத்திலிருந்து நேரே போகலாம் என்றாயிற்று. அந்த ஒரு வருஷப் படிப்பில் என்ன ஆபத்தைக் கண்டார்கள் என்று நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மற்றவர்களை மதம் மாற்றுவதே உத்தேசம் என்றால் கணக்கைப் பார்க்கலாம். 2024-ம் வருஷ முடிவில் முழுநேரப் பிரசாரகர்கள் 74 ஆயிரத்துக்கு மேல். அந்த வருஷத்தில் புதிதாய் முழுக்குப் பெற்றவர்கள் சுமார் 3 லட்சத்து 8 ஆயிரம் பேர். தலைக்கு வருஷத்தில் நாலு பேர்! அதிலும் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் அதிகம் சேர்வதால் வந்த சராசரி இது. ஐரோப்பாவுக்குப் போனவன் வெறுங்கையோடு திரும்பினாலும் ஆச்சரியமில்லை. அப்படிச் சேர்ந்தவர்களும் வருமானத்தில் பத்தில் ஒரு பாகம் சபைக்குக் கட்ட வேண்டும், அவன் மணிலாவில் கூலிக்காரனாய் இருந்தாலும் சரியே. இந்த நாலு பேருக்காகவா இத்தனை ஏற்பாடு? கதவைத் திறக்காதவன் பிழைத்துக்கொண்டான். தட்டினவன்தான் மாட்டிக்கொண்டான்.

இது இப்படியிருக்க, தலைவர்கள் செய்த காரியங்களுக்கு வாசற்படியில் நின்று ஜவாப் சொல்ல வேண்டியதும் இந்தப் பிள்ளைகள்தான். இது நேற்று இன்று ஏற்பட்டதல்ல. 1852 ஆகஸ்டில் சால்ட் லேக்கில் கூடிய மகாநாட்டில், ஒருவன் பல பெண்களை மணப்பது தங்கள் மதக் கொள்கை என்று பகிரங்கமாய் அறிவித்தார்கள். அதே கூட்டத்தில்தான் உலகத்தின் பல பாகங்களுக்கும் பிரசாரகர்களை நியமித்தார்கள். அதில் சிலர் இந்தியாவுக்கு வந்தார்கள். ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் 1853-ல் நமது சென்னைப் பட்டணத்திற்கே வந்து ஒரு பத்திரிகைகூட நடத்திப் பார்த்தார். பலதார மண சங்கதி அவர்களுக்கு முன்னாலேயே இங்கு வந்து சேர்ந்துவிட்டது. அடுத்த வருஷமே அவர் திரும்பக் கப்பலேறிவிட்டார்.

பலதார மணத்தை 1890-ல் கைவிட்டார்கள். ஆனால் அதைவிடக் கேடான ஒன்றை 1978 வரையில் கைவிடவில்லை. ஆப்பிரிக்க வம்சத்து ஆண் எவ்வளவு யோக்கியனாயிருந்தாலும் அந்தச் சபையில் குருப்பட்டம் பெறக் கூடாது. அந்த வம்சத்து ஆணும் பெண்ணும் கோயிலின் முக்கியச் சடங்குகளில் கலந்துகொள்ளக் கூடாது. குருப்பட்டம் என்பது அந்தச் சபையில் சாதாரணமாய் எல்லா ஆண் பிள்ளைகளுக்கும் 12 வயதாகிற வருஷம் முதலே கிடைக்கிற ஒன்று. கறுப்பருக்கு மாத்திரம் இல்லை. பிறப்பினால் ஒருவனைக் கருவறைக்கு வெளியே நிறுத்துகிற வித்தை எங்கோ பார்த்தது போல் வாசகர்களுக்குத் தோன்றினால் நாம் பொறுப்பாளியல்ல!

இந்த விதியைப் பிரேசில் நாட்டில் எப்படி நடத்துவது? அங்கே வெள்ளையரும் கறுப்பரும் பழங்குடிகளும் தலைமுறை தலைமுறையாய்க் கலந்துவிட்டார்கள். யார் உடம்பில் யார் ரத்தம் என்று சொல்ல முடியாது. ஆகவே அதைக் கண்டுபிடிக்கும் வேலை, கதவு தட்டும் வாலிபர்கள் தலையில் விழுந்தது. வீட்டுக்குள் பிரியமாய் அழைத்து உட்கார வைத்தவரிடம், குடும்பப் போட்டோப் புஸ்தகத்தைக் காட்டச் சொல்லிப் பாட்டன் பாட்டியின் மூக்கையும் மயிரையும் பார்க்க வேண்டும். முன்னோர் எந்த நாட்டார் என்று நயமாய் விசாரிக்க வேண்டும். இதற்கென்று "வம்ச பாடம்" என்று ஒரு தனிப் பாடமே இருந்தது. சந்தேகம் வந்தால் அந்த வீட்டை மெதுவாய் விட்டு நழுவ வேண்டியது. தென் ஆப்பிரிக்காவில் இன்னும் மோசம்: சபையில் பட்டம் பெற விரும்புகிறவன் தன் முன்னோர் அத்தனை பேரும் ஆப்பிரிக்காவுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் என்று வம்சாவளி காட்டி ருசுப்படுத்த வேண்டும். 1954-ல்தான் அதை நிறுத்தினார்கள்.

நைஜீரியா தேசத்தார் இவர்களுக்கு ஒரு நல்ல பாடம் கற்பித்தார்கள். அங்கே சிலர் தாங்களாகவே மார்மன் துண்டுப் பிரசுரங்களைப் படித்துச் சபை கூட்டிக்கொண்டு, பிரசாரகர்களை அனுப்பும்படி சால்ட் லேக்குக்கு எழுதினார்கள். 1963-ல் கலிபோர்னியாவில் படித்துக்கொண்டிருந்த ஒரு நைஜீரிய மாணவர் இந்தக் கறுப்பர் விலக்கைக் கண்டுபிடித்துத் தன் நாட்டுப் பத்திரிகையில் எழுதிவிட்டார். அவ்வளவுதான், சர்க்கார் அனுமதிச் சீட்டுக் கொடுக்க மறுத்துவிட்டது. பத்திரிகை எழுதி என்ன ஆகும் என்கிறவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

1978 ஜூனில் தலைவருக்குக் கடவுள் தெரிவித்ததாகச் சொல்லி, ஒரே கடிதத்தில் விலக்கை எடுத்துவிட்டார்கள். பிரேசிலில் சான் பாலோ பட்டணத்தில் கோயில் கட்டிக்கொண்டிருந்த சமயம் அது! அதற்குப் பணமும் உழைப்பும் கொடுத்த கறுப்பு அங்கத்தினர்கள் அதில் நுழைய முடியாது என்ற வெட்கக்கேடு நெருங்கி வந்த சமயமும் அதுவே. 1972-லேயே சேர்ந்திருந்த எல்வேசியோ மார்ட்டின்ஸ் என்ற கறுப்பர் அதற்குப் பிறகுதான் பட்டம் பெற்றார். 1990-ல் உலகச் சபையின் மேல் அதிகாரிகளில் ஒருவராகவும் ஆனார். 2013-ல் சபையே ஒரு கட்டுரை வெளியிட்டு, இந்த விலக்கு 1852-ல் பிரிகாம் யங் என்ற தலைவர் காலத்தில் அறிவிக்கப்பட்டதென்றும், அதற்குச் சொல்லி வந்த காரணங்களையெல்லாம் தாங்கள் இப்பொழுது ஒப்புக்கொள்ளவில்லை என்றும் எழுதிவிட்டது.

ஆனால் 1978-க்கு முன் சான் பாலோவில் போட்டோப் புஸ்தகத்தைப் புரட்டின அந்த 19 வயதுப் பையனின் கதி என்ன? அவனுக்கு அது அநியாயம் என்று தோன்றியிருக்கலாம். தோன்றியிருந்தால் யாரிடம் சொல்வது? பக்கத்தில் துணைவன், மேலே மேஸ்திரி, கையில் ஒரே புஸ்தகம், தாயோடு பேச வருஷத்தில் இரண்டு நாள்.

"பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடலாமே, யார் சங்கிலி போட்டார்கள்?" என்று சபையார் கேட்கலாம். சங்கிலி இல்லை, வாஸ்தவம். ஆனால் யூட்டாவில் ஒரு பையன் போகும்போது குடும்பமும் ஊர்ச் சபையும் கூடி வழியனுப்புகிறார்கள். இரண்டு வருஷம் முடித்து வந்தால் வரவேற்பும், பெண் கொடுக்கிறவர்களிடம் மதிப்பும் உண்டு. ஆறே மாதத்தில் வியாதியாலோ, மனம் கலங்கியோ, நம்பிக்கை போயோ திரும்பி வந்து இறங்கினால், "ஏன் வந்தான், என்ன தப்பு செய்தான்" என்று அதே ஊர் கேட்கிறது. தாய் தகப்பன் கோயிலில் தலை குனிகிறார்கள். இது தெரிந்தே, நோயோடும் சந்தேகத்தோடும் மீதி மாதங்களை எண்ணிக்கொண்டு அயல்நாட்டு அறைகளில் படுத்திருக்கிறவர்கள் உண்டு. காலை 6.30-க்கு எழுந்து, டை கட்டிக்கொண்டு, அவர்களும் கதவு தட்டப் போகிறார்கள்.