காலையில் நடந்தால் கணக்கு தீர்ந்ததா?

நம் பென்ஷன்காரர்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. விடிகாலையில் ஷூ மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் நடந்துவிட்டால் அன்றைய கணக்கு தீர்ந்தது. பிறகு பேப்பர், டிவி, மதியத் தூக்கம், செல்போன், மறுபடியும் டிவி. நடந்தது முக்கால் மணி, உட்கார்ந்தது பத்து மணி. அந்தப் பத்து மணியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நடப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. 2023 நவம்பரில் அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கியதை வரவேற்றவன்தான். அதே ஆண்டு வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13.6 கோடிப் பேர் வாசற்படியில் நிற்கிறார்கள்.

உடம்பில் சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்வது தசைதான். காலை அசைத்தால், இன்சுலின் தயவை அவ்வளவாக எதிர்பாராமலே ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். மணிக்கணக்கில் உட்கார்ந்தால் அந்தக் கடை பாதி மூடிவிடும். 2012-ல் ஆஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்தார்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து 2 நிமிடம் மெதுவாக நடந்தவர்களுக்கு, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் செலவில்லாத வைத்தியம்.

1953-லேயே லண்டனில் மோரிஸ் என்ற டாக்டர் பஸ் ஊழியர்களைக் கணக்கெடுத்தார். உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. (டிரைவர்கள் வேலைக்குச் சேரும்போதே கொஞ்சம் பருமன் என்று பிறகு அவரே கண்டுபிடித்தார். ஆகவே முழுப் பழியையும் சீட்டின் மேல் போட முடியாது.)

உடனே சிலர், "எங்க அப்பத்தா காலத்துல சுகரே கிடையாது" என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு இந்தப் பேச்சு பிடிப்பதில்லை. கடலாடி, முதுகுளத்தூர் பக்கம் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி வெயிலில் தண்ணீருக்கு அலையும் பெண்களையும், பாம்பன் பக்கம் பாசி எடுக்கக் கடலில் முங்கும் பெண்களையும் பார்த்தவர்கள் அதை உடற்பயிற்சி என்று சொல்ல மாட்டார்கள். அந்தப் பாடு ஒழியட்டும். வீட்டில் குழாய் வரட்டும். குழாய் வந்த பிறகு என்ன என்பதுதான் கேள்வி.

என் தங்கை தங்கச்சிமடத்தில் இருக்கிறாள். வயது 56, மூன்று வருடமாகச் சர்க்கரை மாத்திரை. நம் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள், அவளுக்கு 94. "வாக்கிங் போ" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கே போவது? விடியுமுன் தெருவில் விளக்கு இல்லை, நாய் இருக்கிறது. விடிந்த பிறகு சமையல். மாவட்டத் தலைநகரில் போட்ட 8 கிலோமீட்டர் பாதை அவளுக்கு என்ன செய்யும்? தெருவுக்கு நான்கு விளக்கு போட்டால் நூறு பெண்கள் நடப்பார்கள். எட்டு கிலோமீட்டருக்கு ஆகும் செலவில் பாதிகூட ஆகாது என்று நினைக்கிறேன்.

மனு கொடுத்திருக்கிறோம். அதுவரை சும்மா இருக்க வேண்டாமே என்று அவளுக்கு ஒரு யோசனை சொன்னேன். சீரியலில் விளம்பரம் வரும்போதெல்லாம் எழுந்து கொல்லைக்கும் வாசலுக்குமாக நடக்கிறாள். நம் சேனல்களில் விளம்பரத்துக்கா பஞ்சம்?