அறிவிப்பு மட்டும் காக்காது

'அதை அரசு பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்துவிட்டதே, இனி யார் கை வைக்க முடியும்?' மலையோ, ஏரியோ, பழைய கோயிலோ, எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் இந்தப் பதில் வந்துவிடுகிறது. இது தவறான நம்பிக்கை. ஊரையே தூங்கவைக்கும் நம்பிக்கை.

மதுரை மாவட்டம் மேலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது அரிட்டாபட்டி. அங்கே குன்றின் ஒருபுறம் முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயில், அதில் லகுலீசர் சிற்பம்; இன்னொருபுறம் சமணர் படுக்கைகள், தமிழிக் கல்வெட்டு. பாறைகளில் லகர் வல்லூறு வாழ்கிறது. பாறையில் வழியும் மழைநீர் சுனைகளை நிரப்பிக் கண்மாய்களுக்கு இறங்குகிறது. 2022 நவம்பரில் இங்கே சுமார் 193 ஹெக்டேரை, மாநிலத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாகத் தமிழக அரசு அறிவித்தது.

இரண்டே ஆண்டில், அந்த இடத்தையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கப் பகுதியை, சுமார் 2,015 ஹெக்டேரை, ஒன்றிய அரசு ஏலம் விட்டது. அறிவிப்பு குறுக்கே நிற்கவில்லை. காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 2002 பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, தலத்தை அறிவிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் சரணாலயங்களுக்கு 1972 வனவிலங்குச் சட்டம் விதிப்பதுபோல, உள்ளே எதையெல்லாம் செய்யக்கூடாது என்று அது பட்டியலிடவில்லை.

எதிர்ப்பு வலுத்ததும், தலம் வரும் பகுதியை மட்டும் விலக்கிவிட்டு எல்லையை மாற்றலாமா என்று ஒன்றியச் சுரங்க அமைச்சகம் ஆராயச் சொன்னது. அதாவது, அறிவிப்பின் பலத்தால் தப்பியிருக்கக்கூடியது பத்தில் ஒரு பங்கு. மீதி வயலும் கண்மாயும் வீடும்? ஊர்மக்கள் இதை ஏற்கவில்லை. கிராமசபைகளில் ஏற்கெனவே சுரங்கத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டிருந்தார்கள். 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் முழுவதுமாக ரத்தானது.

அப்படியானால் அறிவிப்பே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். கேள்வி கேட்கவும் வழக்காடவும் அதுதான் பிடிமானம். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் வேண்டும். தலத்துக்குள் சுரங்கமும் குவாரியும் கூடாது என்று சட்டத்திலேயே எழுதவும் வேண்டும்.

ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், ஊரின் உயிர்வளத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்கின்றன அதே பல்லுயிர்ச் சட்டமும் அதன் விதிகளும். உங்கள் ஊரில் அந்தக் குழு இருக்கிறதா, பதிவேடு எங்கே என்று அடுத்த கிராமசபையில் எழுந்து கேளுங்கள். ஏல அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள்.